நல்லெண்ணெய்ப் போத்தல்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் "மாதா கோயில்" என்று சொன்னால் எந்த மாதா கோயில்? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க மறந்ததால்தான் போன ஞாயிற்றுக்கிழமை பராசக்தியின் முதல் முயற்சி பிழைத்துப்போனது. குடியை விட்டவர்கள் கூடும் இடம் என்று நினைத்து, கணவர் தியாகலிங்கத்தையும் இழுத்துக்கொண்டு போய், முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கான வகுப்பில் முழுதாக ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாள். குடியைப் பற்றி அங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை. குருவானவர் திராட்சை இரசம் என்று சொன்ன இடத்தில் மட்டும் தியாகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பராசக்தி அதோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய், மாதா கோயில் என்று மட்டும் முதல் கடுதாசித் துண்டில் எழுதித் தந்த யோசப்பின் என்ற நேர்ஸைப் பிடித்து, இரண்டாவது துண்டு எழுதுவித்தாள். "கொய்யாத்தோட்டம். கோயிலுக்குப் பின்னால் சின்ன மண்டபம். ஞாயிறு பின்னேரம் நாலு மணி. வின்சன்ற்." அந்தத் துண்டு ஆறு நாளாகத் திருநீற்றுப் பெட்டிக்குள் இருந்தது. காலையில் திருநீறு எடுக்கும்போதெல்லாம் அதையும் ஒருமுறை வாசித்துக்கொண்டாள்.

தியாகலிங்கம் இணுவிலில் தோட்டக் கிணறுகளின் இறைப்பு மிசின் திருத்துகிறவர். யுத்தத்தால் பெற்றோலைக் காண்பதே அரிதான இந்த ஐந்து வருடமும், மருந்துப் போத்தலில் சேமித்துவைத்த பெற்றோலில் நாலு துளி விட்டு மிசினை உசுப்பி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடவைத்து ஊர்த் தோட்டங்களை உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். தண்ணீர் பாயத் தொடங்கியதும் தோட்டக்காரன் ஒரு போத்தலோடு "கவனிப்பான்". கவனிப்பு முதலில் கிழமைக்கு ஒன்றாக இருந்தது. பிறகு கிழமையில் கவனிப்பில்லாத நாள் இல்லாமல் போனது.

பதினைந்து நாளுக்கு முன், கவனிப்பு முற்றிய ஒரு பின்னேரம், மகள் இராசாத்தியைக் கூட்டிவருகிறேன் என்று நல்லூரில் அவள் படிக்கும் ரியூசன் வாசலுக்குப் போனார். போனவர் வரிசையாக நின்ற சைக்கிள்களின் மேல் விழுந்தார். ஐம்பது சைக்கிளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. உயர்தர வகுப்பு முழுவதும் எழுந்து யன்னலுக்கு வந்து பார்த்தது.

இராசாத்தி அழவில்லை. சைக்கிள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவைத்துவிட்டு, நேரே நல்லூரில் இருக்கும் பெரியம்மா நல்லம்மா வீட்டுக்குப் போனவள்தான். இன்னும் இணுவிலுக்குத் திரும்பி வரவில்லை.

அந்த வெட்கம் தாங்காமல் மறுநாளும் தியாகலிங்கம் குடித்தார். அதற்குப் பிறகு தொடவில்லை. இன்றைக்குப் பதினாலாம் நாள்.

அதனால்தான் இன்று விடியமுதலே பராசக்திக்கு நித்திரை போய்விட்டது. யுத்தநிறுத்தம் வந்து இரண்டு மாதமாகிறது. கடைகளில் சவர்க்காரம், நெருப்புப்பெட்டி எல்லாம் தெரிகின்றன. ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு பரபரப்பு. பராசக்திக்கு அது இரண்டு மடங்கு. இஸ்திரிப் பெட்டிக்குள் சிரட்டைக்கரி போட்டு அவருடைய வெள்ளைச் சேட்டை இரண்டு தரம் அழுத்தினாள். பெட்டியடியில் கிடந்த கூறைக்கு அடுத்த சீலையை எடுத்து உடுத்தாள்.

"என்னப்பா, கலியாண வீட்டுக்கே போறம்?" என்றார் தியாகலிங்கம்.

"அதுக்கும் மேலை. கெதியா வெளிக்கிடுங்கோ."

"அங்கை போய் என்னத்தைக் கதைக்கிறது?"

"நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். அவை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ, காணும்."

புறப்படும் நேரத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. முன்பின் தெரியாதவர்களின் இடத்துக்கு முதன்முதலாகப் போகிறோம், வெறுங்கையோடு போவது எப்படி? இணுவிலாள் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. குசினிக்குள் முந்தாநாள் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு போத்தல் இருந்தது. கடுதாசியால் சுற்றி, ஓலைப் பையில் வைத்து, சைக்கிள் காண்டிலில் கொழுவிவிட்டாள்.

எண்ணெய்ப் போத்தல் என்பது நம்முடைய வீடுகளில் ஆதியில் என்ன போத்தலாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவள் அதை நினைக்கவேயில்லை. இருபது வருடமாக அது அவளுக்கு நல்லெண்ணெய்ப் போத்தல்.

*

நல்லூரைக் கடக்கும்போது பராசக்தி சைக்கிள் கரியரிலிருந்து குதித்தாள். "கந்தனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு ஓடியாறன்" என்று கோயிலடிக்குப் போய்விட்டாள். தியாகலிங்கம் வேம்பு நிழலில் சைக்கிளோடு நின்றார். கடுதாசியில் எண்ணெய் ஊறிக் கிழிந்து, போத்தலின் கழுத்து பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. அவருடைய கவனம் முழுதும் நாலு மணியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் முத்துக்குமாரு வரவேண்டுமா? இணுவிலில் தியாகலிங்கத்துக்கு அடுத்த ஒழுங்கை. புகையிலைத் தோட்டக்காரர். கவனிப்பதில் ஊரில் முதலாம் ஆள். சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு, நல்லம்மா வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"எட தியாகு, உன்னைத்தான் தேடினனான். என்ரை மிசின் இடக்குப் பண்ணுது. கண்டுகள் வாடுது. இண்டைக்கே பாக்கவேணும்."

"பொழுதுபடமுதல் பாப்பம். இப்ப ஒரு இடத்துக்குப் போறன்."

"எவடம்?"

"கொய்யாத்தோட்டம். அங்கை கோயிலுக்குப் பின்னாலை… ஒரு ஆளைப் பாக்க."

முத்துக்குமாருவின் கண் பையில் நின்றது. தியாகலிங்கமும் அப்போதுதான் பார்த்தார்.

"அது நல்லெண்ணெய்" என்றார் அவசரமாக.

"ஓமோம். சனி முழுக்கு நேற்றெல்லோ முடிஞ்சுது." முத்துக்குமாரு கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

பதினாலு நாள் பிடித்துவைத்த நம்பிக்கை தியாகலிங்கத்துக்கு அந்த வேப்பமரத்தடியில் ஒருமுறை ஆடியது. எப்படியும் குடிகாரன் என்றுதான் பார்க்கிறார்கள், பேசாமல் குடித்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பராசக்தி நெற்றி நிறையத் திருநீற்றோடு ஓடிவந்து, அவருக்கும் பூசிவிட்டு, "உழக்குங்கோ" என்றாள். அவர் உழக்கினார்.

*

நல்லம்மா வீட்டு முற்றத்தில் முத்துக்குமாரு குலையை இறக்கிவைத்தபோது, இராசாத்தி விறாந்தையில் இரசாயனப் புத்தகத்தோடு இருந்தாள்.

"பிள்ளை, கொப்பர் தியாகுவைக் கோயிலடியிலை கண்டனான். போத்தலோடை கொய்யாத்தோட்டப் பக்கம் போறார். கோயிலுக்குப் பின்னாலையாம்." முத்துக்குமாரு சிரித்தார். அவருக்கு இது வம்பு இல்லை, வெறும் ஊர்ப் புதினம். "கொம்மாவும் கரியரிலை. நல்ல சீலை எல்லாம் உடுத்து."

இராசாத்தி புத்தகத்தை மூடினாள்.

குடிக்கமாட்டார் என்று அம்மா போன கிழமை வந்து கோயில் வாசலில் நின்று சொன்னாள். பத்து நாள் தாண்டட்டும் பார்ப்போம் என்று அவளும் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். நேற்று இரவு எண்ணியபோது பதின்மூன்று வந்திருந்தது. அந்தக் கணக்கை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. இப்போது அந்தச் சந்தோசத்துக்கே அவளுக்குக் கோபம் வந்தது.

"பெரியம்மா, உங்கடை சைக்கிளை எடுக்கிறன்."

"எங்கையடி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்று நல்லம்மா குசினிக்குள் இருந்து கேட்டபோது, படலை ஏற்கெனவே அடித்துச் சாத்திக்கொண்டிருந்தது.

*

துண்டில் எழுதியபடியே எல்லாம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் சின்ன மண்டபம். நடுவில் நீட்டு மேசை, சுற்றி வாங்குகள், பதினொரு பேர். எல்லோருக்கும் முன்னால் கிளாஸில் பால் விடாத வெறும் தேத்தண்ணீர், பக்கத்தில் கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. பராசக்தி வாசலிலேயே நின்று பார்த்தாள். உண்மையாகவே இப்படி ஒரு இடம் இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். குளித்து, தலை இழுத்து, சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

தடித்த தோளும் நரைத்த மீசையுமாக ஒருவர் எழுந்து வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. நான் வின்சன்ற். யோசப்பின் சொன்னவ. போன ஞாயிறு முழுக்க உங்களை எதிர்பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

"நாங்கள் வேறை கோயிலுக்குப் போயிட்டம்" என்றாள் பராசக்தி. பிறகு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இஞ்சை வேதக்காரர்தான் வரலாமோ?"

"இடம் மட்டும்தான் கோயில்ரை, தங்கச்சி. குடி சமயம் பாத்தே வருது?"

அந்தப் பதிலில் பராசக்தி குளிர்ந்துபோனாள். குளிர்ந்த வேகத்தில் பையிலிருந்து போத்தலை எடுத்து, மேசையின் நட்டநடுவில் மரியாதையாக வைத்தாள்.

மேசையைச் சுற்றியிருந்த தலைகள் எல்லாம் அதன் பக்கம் திரும்பின.

லேபிள் பாதி உரிந்த போத்தல் அது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு முழு லேபிள் தேவையில்லை. ஒருவருடைய கிளாஸ் பாதி வழியில் நின்றது. மூலையில் இருந்த கிழவர் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"தங்கச்சி," என்றார் வின்சன்ற் மெதுவாக, "உது என்ன?"

"நல்லெண்ணெய், அண்ணை. செக்கிலை ஆட்டினது. வெறுங்கையோடை வாறது சரியில்லையெண்டு…" பராசக்தி பேசிக்கொண்டே போத்தலைப் பார்த்தாள். இருபது வருடத்தில் முதல்முறையாக அது என்ன போத்தல் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

முதலில் சிரித்தது சுவரைப் பார்த்திருந்த கிழவர்தான். பிறகு மண்டபமே சிரித்தது. வின்சன்ற் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குருநகரிலை தொடங்கின கூட்டம் இது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவிக்கொண்டு வாறம். போத்தலைக் கொண்டந்து மேசையிலை வைச்ச முதல் ஆள் நீங்கள்தான். இருக்கட்டும், எடுக்கவேண்டாம். உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரிஞ்சால் பிறகென்ன பயம்?"

தியாகலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நிலம் பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம்போல் இருந்தது.

பராசக்தி சமாளித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினாள். "அண்ணை எவடம்? ஆற்றை…"

"அது மட்டும் இஞ்சை இல்லை," என்று வின்சன்ற் இடைமறித்தார். "பேர் காணும். ஊரும் வேண்டாம், ஆற்றை மகன் எண்டும் வேண்டாம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதரோடு ஊரும் தகப்பன் பேரும் கேட்காமல் எப்படிக் கதைப்பது என்று பராசக்திக்கு விளங்கவில்லை. தியாகலிங்கத்துக்கோ அதைக் கேட்டதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

"என்ரை பேர் வின்சன்ற். நான் குடிகாரன். கடைசியாக் குடிச்சு ஏழு வருசமாச்சு."

"ஓம், வின்சன்ற்" என்றார்கள் எல்லோரும் ஒன்றாக.

ஒவ்வொருவராகச் சொல்லிவந்தார்கள். மூன்று வருடம். எட்டு மாதம். கிழவர், "நேற்றும் குடிச்சனான்" என்றார். அவருக்கும் அதே "ஓம்" கிடைத்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பராசக்திக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

தியாகலிங்கத்தின் முறை வந்தது. எழுந்தார். சேட்டின் கீழ்நுனியை இழுத்துவிட்டார்.

"நான் தியாகலிங்கம். நான்… மனுசிக்குத் துணைக்கு வந்தனான்."

பராசக்தி கண்ணை மூடிக்கொண்டாள். பாதகத்தி, இதற்காகவா இரண்டு கிழமை அலைந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வின்சன்ற் தலையாட்டினார். "நானும் முதல்நாள் என்ரை மனுசி கத்தரீனாவுக்குத் துணைக்குத்தான் வந்தனான். இருங்கோ தம்பி. தேத்தண்ணி ஆறுது."

அவர் இருந்தார். முன்னால் வைத்த கிளாஸைக் கையில் எடுத்தார். பராசக்தியும் தன்னுடையதை எடுத்தாள். அந்தக் கணத்தில்தான் வாசலில் சைக்கிள் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

*

இராசாத்தி வாசலில் நின்று கண்டது இதுதான். நீட்டு மேசை. சுற்றிவர ஆம்பிளைகள். ஒவ்வொருவர் கையிலும் மண்ணிறத் தண்ணீரோடு கிளாஸ். நடுவில் போத்தல். அப்பாவின் கையில் கிளாஸ். அப்பாவுக்குப் பக்கத்தில், நல்ல சீலை உடுத்து, கையில் கிளாஸோடு அம்மா.

"அம்மா, நீங்களுமா?" என்றாள். சத்தம் போடக்கூட இல்லை.

ஒருவரும் வாய் திறக்கமுதல் அவள் மேசைக்கு வந்து போத்தலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். வெளியே முற்றத்து மணலுக்குப் போய், தக்கையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, கவிழ்த்தாள்.

அது தண்ணீர்போல் விழவில்லை. மெதுவாக, தடிப்பாக, பொன்னிறக் கயிறாக இறங்கியது. புது எள்ளின் வாசனை எழும்பியது. பாதிப் போத்தல் போனபிறகுதான் அவளுக்குக் கை நின்றது. விரல்களைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"எண்ணெய்" என்றாள்.

"செக்கிலை ஆட்டினது, பிள்ளை" என்றாள் பராசக்தி வாசலில் நின்று. எண்ணெய்க்காக அழுகிறாளா மகளுக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இராசாத்தி மண்டபத்தைத் திரும்பவும் பார்த்தாள். மேசையில் பனங்கட்டி. சுவரில் பெரிய எழுத்தில் "இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன்". முகத்தில் இரத்தம் ஏறியது. அழுதுவிடுவேன் என்று தெரிந்ததும் நிலத்தைப் பார்த்தாள்.

தியாகலிங்கம் வாசல்படிக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, எண்ணெயை எண்ணெய் எண்டு நீ நம்பாததுக்குப் பிழை உன்னிலை இல்லை" என்றார். பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். "வின்சன்ற் அண்ணை, நான் முதல் சொன்னது பொய். என்ரை பேர் தியாகலிங்கம். நான் குடிகாரன். இண்டைக்குப் பதினாலு நாள்."

"ஓம், தியாகலிங்கம்."

பதினொரு குரலும் பராசக்தியின் குரலும். அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவளுக்கு அங்கேயே துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

வின்சன்ற் இன்னொரு கிளாஸில் தேத்தண்ணீர் ஊற்றினார். தியாகலிங்கம் அதை வாங்கி மகளிடம் கொடுத்தார். இராசாத்தி கிளாஸை வாயருகே கொண்டுபோய், குடிக்கமுதல் ஒருதரம் மோந்து பார்த்தாள். அது பழக்கம். அப்பா தந்த எதையும் அவள் பல வருடமாக மோந்து பார்த்துத்தான் வாங்கினாள். அவர் அதைக் கண்டார். அவர் கண்டதை அவளும் கண்டாள். பிறகு அந்தக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

கூட்டம் முடிந்து சைக்கிள்களை எடுக்கும்போது பராசக்தியால் பொறுக்கமுடியவில்லை. "அப்ப பிள்ளை, இண்டைக்கே வீட்டை வாறியே? புட்டு அவிக்கிறன்."

இராசாத்தி சைக்கிள் மணியைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

"அப்பா, நீங்கள் சொன்னது எனக்குச் சந்தோசம். சத்தியமாச் சந்தோசம். ஆனால் இஞ்சை ஒருத்தருக்கும் உங்கடை ஊர் தெரியாது. ஆற்றை மகன் எண்டும் தெரியாது. இதை ஊரிலை சொல்லுங்கோ. எங்கடை ஒழுங்கையிலை, தெரிஞ்ச ஆக்களுக்கு முன்னாலை. அண்டைக்கு நான் வாறன்."

*

திரும்பி வரும் வழி முழுவதும் பராசக்தி கரியரில் இருந்து தேவாரம் பாடினாள். அரைப் போத்தல் எண்ணெய் மடியில் இருந்தது. மிச்சத்தை எடுத்துப்போகும்படி வின்சன்ற் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு வேறு போத்தலில் கொண்டுவரட்டாம். தியாகலிங்கம் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. காற்றுக்கு எதிராக உழக்கியும் கால் நோகவில்லை.

பொழுதுபட இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் பராசக்தியின் தேவாரம் நடு அடியில் நின்றது.

படலைக்கு முன்னால் முத்துக்குமாரு. பக்கத்தில் இறைப்பு மிசின். மிசினுக்கு மேல், கடுதாசி சுற்றாமல், ஒரு முழுப் போத்தல்.

"ஒரு மணித்தியாலமாக் காவல் நிக்கிறன். இதைத் தொடக்கிவிடு தியாகு. முதல் தொண்டையை நனை." முத்துக்குமாரு போத்தலை எடுத்து அவர் கையில் வைத்தார். "இது நல்லெண்ணெய் இல்லை, பயப்பிடாதை."

தியாகலிங்கத்தின் கை அந்தப் பாரத்தை உடனே அறிந்துகொண்டது. விரல்கள் தாமாகவே மூடியில் போய் நின்றன. பராசக்தி மடியிலிருந்த போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர்வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன. கிணற்றடியில் துலாச் சத்தமும் நின்றுவிட்டது. இந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் அவருடைய அப்பாவைத் தெரியும், பாட்டனையும் தெரியும்.

"மிசினைத் திருத்தித் தாறன், முத்துக்குமாரு அண்ணை" என்றார் தியாகலிங்கம். "அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். என்ரை பேர் தியாகலிங்கம்."

முத்துக்குமாரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"என்னடாப்பா விசர்க்கதை? நாப்பது வருசமா உன்ரை பேர் எனக்குத் தெரியாதே?"

வேலிக்கு மேலால் மூன்றாவது தலையும் தெரிந்தது. தியாகலிங்கம் போத்தலைப் பார்த்தார். பராசக்தியைப் பார்த்தார். பெயரைச் சொல்லியாயிற்று. இனிச் சொல்லவேண்டியது இரண்டே இரண்டு சொல்தான். அவர் வாயைத் திறந்தார்.